பூஷ்தாவின் பழைய மணி

எங்கள் ஊர் ஸெஃப்ரூவில் யாரும் பூஷ்தாவிடம் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்லுவான், சொன்னதோடு விடாமல் "பழைய மணி" என்று அழுத்தி ஒரு வால் சேர்ப்பான். அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து வருஷக்கணக்காகிறது. ரமலானுக்கு மட்டும் பழையபடி இறக்குவார்கள். பெருநாள் முடிந்ததும் மறுபடி ஏற்றுவார்கள். நாங்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே பழகிவிட்டோம். பூஷ்தா பழகவில்லை. அவன் கைக்கடிகாரம் வருஷம் பூராவும் ரமலானிலேயே நின்றது.

அவன் ஸ்ஃபெஞ்ச் சுடுகிறவன். கொழகொழவென்ற மாவைக் கையில் பிடித்து, நடுவில் விரலை விட்டு விரித்து, கொதிக்கும் எண்ணெயில் வளையமாக விடுவான். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது சுடச்சுட ஈச்சங்கீற்றில் கோர்த்து நீட்டுவான். அவனுக்கு வேண்டியதெல்லாம் பாங்கு ஓசையும் மாவு பொங்குவதும்தான்.

"மாவு அரசாங்க உத்தரவு பார்த்தா பொங்குது? சூரியன் மந்திரியைக் கேட்டுக்கிட்டா உதிக்குது? போங்கடா, உங்க மணியை நீங்களே வெச்சுக்கங்க" என்பான்.

நான் ஜிலாலி. அவன் கடைக்கு எதிர்க்கடை, முடி திருத்தும் கடை. ஒரு மணி என்றால் ஒரு மணிக்குக் கத்திரியோடு நிற்பேன். வாழ்க்கையில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை என்று பீற்றிக்கொள்கிறவன். இப்படிப்பட்ட எனக்கு இப்படிப்பட்டவன் சிநேகிதன், என் தலையெழுத்து. மைத்துனன் கல்யாணத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பாட்டுக்காரர்கள் மேளத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரிடம் போனால் டாக்டர் சாப்பிடப் போயிருப்பார். பேருந்தை அவன் தவறவிட்ட கதைகளைச் சொன்னால் இரண்டு பேருக்குச் சவரம் செய்து முடித்துவிடலாம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அவனுக்கு ஒரே பெண், ஷாமா. பள்ளி இறுதித் தேர்வில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். பரிசளிப்பு விழா பத்து மணிக்கு. பூஷ்தா இஸ்திரி போட்ட ஜெல்லாபா அங்கியும் தட்டு நிறைய ஸ்ஃபெஞ்சுமாகச் சரியாகப் பத்து மணிக்குப் போனான், தன்னுடைய பத்து மணிக்கு. மண்டபத்தில் ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு ஷாமா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு ஸ்ஃபெஞ்சை எடுத்துக் கடித்துக்கொண்டே, "அப்பா, என் கல்யாணத்துக்காவது கூட்டம் கலையறதுக்குள்ள வந்துடுங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவன் கடையில் எண்ணெய் கருகிப் புகைந்தது. நானே ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

பிறகு ஷாமா அல்ஜதீதாவுக்குத் தாதிப் படிப்புக்குப் போனாள். பூஷ்தாவுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவனுக்குத் துணையாக நானும், வாடகைக் கார் ஓட்டும் மிலூத்தும் சேர்ந்தோம். ஆற்றங்கரையோரம் நடந்தோம், நடை ஓட்டமானது, ஓட்டம் பைத்தியமானது. மிலூத் காரைவிட்டு இறங்கினாலே மூச்சு வாங்குகிறவன். அவனே பத்து கிலோமீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டான். பூஷ்தா மட்டும் நாங்கள் ஓடி முடித்து வியர்வை துடைக்கும்போது வந்து, "என்னடா, ஆரம்பிக்கலாமா?" என்பான்.

இந்த நிலையில்தான் ஷாமா தொலைபேசியில் கூப்பிட்டாள். அஸெம்மூரில் தொடங்கி அல்ஜதீதா கடற்கரையில் முடியும் அரை மாரத்தான், சித்திரை வெயில் ஏறுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முடிவு வாசலில் ஓடி வருகிறவர்கள் கழுத்தில் பதக்கம் போடும் வேலை அவளுடைய வகுப்புக்கு.

"நீங்க ஓடி வந்தா நானே போட்டுவிடுவேன் அப்பா. ஆனா எட்டுக்கு ஆரம்பம், பதினொண்ணுக்குப் பெட்டியை மூடிடுவோம். அதுக்கப்புறம் யார் வந்தாலும் கிடையாது."

"வந்துடுவேன்மா. உன் கையாலதான் வாங்குவேன்" என்றான் பூஷ்தா. தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. மூன்று மணி நேரத்தில் இருபத்தோரு கிலோமீட்டர் என்பது அவன் தொப்பைக்கு மூச்சைப் பிடிக்கிற கணக்கு. அதிலும் ஒரு மணி நேரம் பிந்திப் போனால் கேட்கவே வேண்டாம்.

மிலூத் சும்மா இருப்பானா? "பின்னாலயே ஒரு வெள்ளை வேன் வருமாம்டா. பின்தங்கினவங்களைப் பெருக்கி அள்ளிக்கிட்டு வர்றதுக்கு. உனக்கு அதுல ஜன்னலோரம் சீட்டு பிடிச்சு வெக்கச் சொல்றேன்."

"செத்தாலும் அதுல ஏற மாட்டேன்" என்றான் பூஷ்தா.

சனிக்கிழமை மிலூத்தின் காரில் கிளம்பி மத்தியானம் அஸெம்மூர் சேர்ந்தோம். எண் அட்டையும், நேரம் பதிகிற சில்லும் வாங்கிக்கொண்டோம். மிலூத்தின் மச்சினன் வீட்டு மாடியறையில் தங்கல். பூஷ்தா தன் தொலைபேசியைக் கடைக்காக மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். கையில் அந்தப் பாழாய்ப்போன கடிகாரம் மட்டும். பயண அலுப்புத் தீர மூவரும் ஹம்மாம் என்கிற வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போனோம். துணிகளைக் கழற்றி ஆணியில் மாட்டினோம்; அவன் தன் கடிகாரத்தை மேலே தொங்கவிட்டான். உள்ளே வெந்நீர்ப் புகையில் அவனைக் குப்புறப் போட்டு ஒரு தடியன் கையுறையால் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த ஆணியே கண்ணுக்குள் நின்றது. இவன் நாளைக்கும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் எழுந்திருக்கப் போகிறான். அந்தப் பெண் மறுபடியும் படியில் உட்காரப் போகிறாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

"மூச்சு முட்டுதுடா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முள்ளைத் திருகி ஒரு சுற்று, சரியாக ஒரு மணி நேரம், முன்னால் தள்ளினேன். அந்த அறையில் சுவர்க்கடிகாரம் இல்லை, என் கைபேசியும் தங்கிய வீட்டில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவன் கடிகாரம் பழைய மணிதான் காட்டும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

நல்ல காரியம் செய்த திருப்தியோடு உள்ளே போய்ப் படுத்தேன். சற்று நேரத்தில் மிலூத், "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனான். போய் வந்தபோது அவன் முகத்திலும் ஒரு திருப்தி தெரிந்தது. தண்ணீரின் திருப்தி என்று நினைத்தேன், முட்டாள்.

அன்று படுக்குமுன் கண்டிப்பாகச் சொன்னேன்: "காலைல ஏழுக்குக் கிளம்பறோம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் விட்டுட்டுப் போயிடுவோம். அப்புறம் ஜிலாலி சொல்லலைன்னு சொல்லாத."

"சரிடா, சரிடா" என்று மிலூத்தின் குறட்டைக்குப் பயந்து போர்வை, எண் அட்டை குத்திய சட்டை, காலணி சகிதம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டான் பூஷ்தா. தெருப்பூனை ஓட்டக் காலணியை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று வாசலில் கிடந்த எங்கள் இருவர் காலணிகளையும் எடுத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இந்தக் காலணியையும் நினைவில் வையுங்கள்.

ஆறரைக்கு எழுந்தோம். மாடியில் போர்வை மடித்துக் கிடந்தது, பூஷ்தா இல்லை. தேநீர்க்கடையில் இல்லை, பள்ளிவாசலில் இல்லை. ஏழரைக்குப் பாலத்தடியில் தொடக்க வளைவுக்குப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். ஆயிரம் தலை, அவன் வழுக்கையை மட்டும் காணோம்.

"வந்திருக்கணுமே" என்று மிலூத் விரலைக் கடித்தான். "நான் நேத்து ஹம்மாம்ல அவன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சேனே."

நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "டேய்! நானும் தள்ளி வெச்சேன்டா!"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். பழைய மணியோடு இரண்டு சேர்த்தால் ஊருக்கு ஒரு மணி முன்னால். அப்படியானால் ஏழு மணிக்கே வந்து இங்கே காத்திருக்க வேண்டுமே! எட்டு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. கூட்டம் போய்விட்டது. அவனை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? எட்டு நாற்பது வரை தேடிவிட்டு, கடைசி ஆளாக, காலியாகிப்போன தெருவில் நாங்கள் ஓடத் தொடங்கினோம். பின்னால் நூறடியில் அந்த வெள்ளை வேன் உறுமிக்கொண்டே வந்தது.

பூஷ்தாவுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு அவன் வாயாலும் ஷாமா வாயாலும் கேட்டேன்.

சுபுஹுப் பாங்குக்கு வழக்கம்போல் கண்விழித்து, கீழே பள்ளிவாசலில் தொழுதிருக்கிறான். வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு ஐம்பது. ஊரின் உண்மையான மணி அப்போது ஐந்து ஐம்பது. கணக்கு இடிக்கிறது அல்லவா? எனக்கும் இடித்தது, பொறுங்கள். வானம் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் பாங்கு கேட்டு மாவைத் தொட்டவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் அவனுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'படுபாவிங்க, மறுபடியும் மணியை மாத்திட்டாங்க!' எங்கள் நாட்டில் பிறந்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும். கைக்கடிகாரம் தானாக மாறாது என்பதுகூட அந்த அவசரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

அறை வாசலுக்கு ஓடினான். காலணிகள் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தான். கதவைத் தட்டவும் இல்லை. பாலத்துக்கு ஓடினான். அவன் கடிகாரத்தில் எட்டு ஐந்து. தொடக்க வளைவு நின்றது, ஆளில்லை. முந்தின நாள் சிறுவர் ஓட்டத்தில் எறிந்த காலிப் புட்டிகள் தரையெல்லாம் கிடந்தன. காவலாளி ஒருவன் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினான். எழுப்பிக் கேட்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? எல்லோரும் போயிட்டாங்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். வாழ்நாளெல்லாம் அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சலித்தவன் அவன். சாலையில் வெள்ளைச் சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தனியாக ஓட ஆரம்பித்துவிட்டான்.

விடிகிற நேரம், ஆளில்லாத சாலை, பழத்தோட்டங்கள், நாய்கள். முன்னால் ஒருவர் முதுகாவது தெரியாதா என்று பார்த்துப் பார்த்து ஓடியிருக்கிறான். பாதி வழியில் தண்ணீர் மேசையை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இவனைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

"ஹாஜி, எங்க இவ்வளவு சீக்கிரம்?"

'கிண்டல் பண்றாளுங்க' என்று நினைத்து, கொடுத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு பதில் சொல்லாமல் ஓடினான். மேசையை மடித்துக் கட்டுகிறார்கள் என்றுதான் அவன் நினைத்தது.

பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சியது. உட்கார்ந்துவிட்டான். கடிகாரம் பத்து ஐந்து. வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் வந்ததாம். "எழுந்துட்டேன்டா, எப்படின்னு தெரியலை" என்றான் என்னிடம்.

அல்ஜதீதா எல்லைக்குள் நுழைந்தபோது சாலையோரம் கூட்டம் தெரிந்தது. கயிறு கட்டியிருந்தது. பத்து ஐம்பத்தைந்து. அப்போது பின்னால் வண்டிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளை வண்டி! கூரையில் சிவப்பு விளக்கு சுழல, ஒலியை அலறவிட்டுக்கொண்டு, நேராக இவனை நோக்கி வருகிறது. பின்தங்கினவர்களை அள்ளும் வேன் என்றே நினைத்தான். அள்ளிக்கொண்டு போக வந்துவிட்டார்கள்!

அது முதலில் வருகிற வீரர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு வரும் முன்னோட்ட வண்டி. எட்டு மணிக்குப் புறப்பட்ட சூரர்கள் ஒரு மணி நேரத்தில் இருபது கிலோமீட்டரை முடித்துக்கொண்டு அதன் பின்னால் காற்றாய் வந்துகொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில், "ஹாஜி! ஓரமாப் போங்க! ஓரமாப் போங்க!" என்று கத்தினார்கள்.

"ஏற மாட்டேன்! ஏற மாட்டேன்!" என்று கத்திக்கொண்டு பூஷ்தா ஓடினான். நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை, தொப்பை, மூன்று மணி நேரக் களைப்பு, எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட்டுவிட்டு ஓடினான். கூட்டத்துக்கு என்ன தெரியும்? மார்பில் எண் அட்டை இருக்கிறது, முதல் ஆளாக வருகிறான். குலவையிட்டார்கள், கைதட்டினார்கள், மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முடிவு வாசலில் முதல்வனுக்காகப் பிடித்திருந்த நாடாவைத் தொப்பையால் அறுத்துக்கொண்டு போய், பதக்கப் பெட்டியருகே நின்ற ஷாமாவின் காலடியில் விழுந்தான். அவன் கடிகாரத்தில் சரியாகப் பதினொன்று.

"மூடிட்டீங்களாம்மா? மூடிட்டீங்களா?"

ஷாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைக்கு மேல் பெரிய கடிகாரம் ஒன்பது காட்டியது. "அப்பா, இன்னும் ஒருத்தர்கூட வரலை. நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க."

"கிண்டல் பண்ணாதம்மா" என்று அழுதுவிட்டான்.

அதற்குள் ஊதலைக் கழுத்தில் மாட்டிய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்தார். அறுந்த நாடாவை இரண்டு பேர் அவசரமாக முடிச்சுப் போட்டுப் பிடித்தார்கள். உண்மையான முதல்வன், கெனிஃப்ராவிலிருந்து வந்த ஒல்லிப் பையன், அந்த முடிச்சு நாடாவை அறுத்துக்கொண்டு வந்து, விழுந்து கிடந்த பூஷ்தாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக் கைகொடுத்தான்.

"இவர் நேரம் எங்கயும் பதிவாகலை. பந்தயமே ஆரம்பிக்காதப்ப ஓடியிருக்கார். பதக்கம் கிடையாது" என்றார் அதிகாரி.

"இருபத்தோரு கிலோமீட்டர் ஓடினவங்களுக்குத்தானே சார் இது?" என்றாள் ஷாமா. "இவர் ஓடலைன்னு நீங்க சொல்லுங்க, நான் போடலை."

அதிகாரி பூஷ்தாவின் காலைப் பார்த்தார். வலது காலணியில் ரத்தம் கசிந்திருந்தது. "பட்டியல்ல பேர் வராது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். ஷாமா பெட்டியிலிருந்து முதல் பதக்கத்தை எடுத்து அப்பாவின் கழுத்தில் போட்டாள்.

இனி எங்கள் கதை. குதிரைத் திடல் பக்கம், இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது வேனை நிறுத்திவிட்டார்கள். பதினொன்று இருபது. "ஏறுங்க, சாலையைத் திறக்கணும்." மிலூத் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான், எதற்கும் தாமதமாகாத ஜிலாலி, அவன் பக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடலோரச் சுவரில் பூஷ்தா கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பதக்கம், மடியில் ஆரஞ்சுத் தோல் குவியல், பக்கத்தில் ஷாமா. வேனிலிருந்து நாங்கள் இறங்குவதைப் பார்த்தான். இந்த நொடிக்காக இருபத்தைந்து வருஷம் காத்திருந்தவனைப் போல நிதானமாக ஒரு சுளையை மென்று விழுங்கினான்.

"எங்கடா போனீங்க? எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நானும் மிலூத்தும் ஹம்மாம் திருட்டை ஒப்புக்கொண்டோம். ஆளுக்கு ஒரு மணி நேரம். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப மூணு பேராடா?"

"எந்த மூணு பேர்?"

"வெள்ளிக்கிழமையே நான் மாத்திட்டேன். வீட்டுல, மாவுல கை வெக்கறதுக்கு முன்னாடி." குரல் தணிந்துவிட்டது. "ஒரு தடவையாவது இவ மணிக்கு வரணும்னு தோணுச்சு. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை. இன்னிக்கு பாங்கு ஒண்ணு சொல்லுது, கடிகாரம் ஒண்ணு சொல்லுது. வானத்தை நம்பித்தானே அன்னிக்கு இவளைத் தனியா விட்டோம், இன்னிக்கு கடிகாரத்தை நம்புடா மடையான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுக் கிளம்பினேன்."

ஷாமா உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்குச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மிலூத் மூக்கை உறிஞ்சினான். மறு நிமிஷமே அவன் புத்தி வேலை செய்துவிட்டது.

"ஷாமா கண்ணு, எங்களுக்குப் பதக்கம்?"

"பதினொண்ணுக்கே பெட்டியை மூடிட்டோம் சித்தப்பா. ரெண்டு பேரும் வேன்ல வேற வந்திருக்கீங்க."

பூஷ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடிகாரத்தின் முள்ளைத் திருகினான், பின்னால், ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. கையில் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"பழைய மணிக்கு இப்ப பத்தரைதான்டா ஆகுது. இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வேன்ல ஏறின இடத்துக்குத் திரும்பிப் போய் ஓடி வாங்க. பெட்டியைத் திறந்து வெக்கச் சொல்றேன்."

மிலூத் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு ஊர் சிரிக்க, கெஞ்சுகிற காலை இழுத்துக்கொண்டு, குதிரைத் திடலை நோக்கித் திரும்ப ஓடினோம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பத்து ஐம்பத்தெட்டு. பழைய மணி.